வீட்டுக்குப் போன பிறகு வரும் பதில்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் இரண்டாவது பத்தி வரை படித்துவிட்டுக் கிழி. முதல் பத்தியில் உனக்குப் பிடிக்காத செய்தி இருக்கிறது. குடிநீர் வாரியத்திலிருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆமாம், அதே வாரியம். உன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்ட அதே மாடி, அநேகமாக அதே நாற்காலி. மார்ச் பதின்மூன்றாம் தேதி காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது பத்தி. பதவியின் பெயர் புகார்ப் பிரிவு உதவியாளர். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம் வரும் என்று சொல்லி அனுப்புகிற வேலை. எனக்கு இது வேண்டும். ஆளெடுக்கும் நினைப்பு வாரியத்துக்கு ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த முறை வரும்போது நான் வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். ஜெராக்ஸ் கடையிலோ முதலாளி புது இயந்திரம் வாங்கப்போகிறார். அது தாளைத் தானே இழுத்து, தானே நகலெடுத்து, தானே அடுக்கிவிடுமாம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்பது அவருக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் நான் கிளம்பிவிட வேண்டும்.

இதே வேலைக்கு விண்ணப்பித்த பாதிப் பேருக்குச் சான்றிதழ் நகலெடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஒருவருடையதைக்கூட மங்கலாக எடுக்கவில்லை. இதை யாரும் பாராட்டப்போவதில்லை என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடம் அந்தத் தேர்வு அறையின் மூலையில் உட்கார்ந்து, வந்தவர்கள் சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்துத் தட்டச்சு செய்து கொடுத்த மனிதர். ஒருநாளும் ஒரு கேள்வி கேட்க அவருக்கு வாய்ப்பில்லை. ஓய்வுபெற்ற பிறகு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வசமாக மாட்டியவள் நான்.

நீயும் ஏதாவது சொல்லிக்கொடு. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கோபக்காரர்களைப் பார்க்கிறவன் நீ. போனில் பேச முடியாது. போன் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ என்று தெரிந்தால் அவர் எழுந்து போகவும் மாட்டார், பேசவும் மாட்டார். கடை முகவரிக்கு எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 11

வாண்டு,

கிழிக்கவில்லை. மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன், மேசை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு எடுத்து இன்னொரு தடவை படித்தேன்.

உலகத்தில் எத்தனையோ வாரியங்கள் இருக்கின்றன. மின்சாரத்துக்கு இருக்கிறது, வீட்டுக்கு இருக்கிறது. நீ தேடிப்பிடித்து இதற்குப் போகிறாய்.

அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியாகிவிட்டது. மூலையில் அப்பா இருப்பார் என்று எனக்குத் தெரியும். மகன் வருகிற நாளிலாவது விலகிக்கொள்வார் என்று நினைத்தேன். விலகவில்லை. குறிப்பெடுப்பவரை மேசை நாற்காலிக் கணக்கில் சேர்ப்பது வாரியத்தின் வழக்கம். நாற்காலிக்கு ஒரு பிள்ளை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவராகவும் சொல்லவில்லை.

நான் திக்கினேன். "அது வந்து" என்றேன், "அதாவது" என்றேன், மறுபடியும் "அது வந்து" என்றேன். ஒவ்வொன்றுக்கும் பென்சில் சத்தம் கேட்டது. உங்கள் குறை என்ன என்று கேட்டார்கள். ஏதோ சொன்னேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தேன். அவர் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. என் வாழ்க்கையின் மிக மோசமான கால் மணி நேரத்தைப் பெற்ற தகப்பனே ஒரு பிழை இல்லாமல் எழுதி, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

அதனால் என்னிடம் யோசனை கேட்காதே. அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கதவு உள்பக்கமாகத் திறக்கும். வெளியே வரும்போது நான் அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

கதவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நிஜமாகவே பயன்படும்.

இங்கே தினமும் தேர்வு நடக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா, பக்கத்தில் அம்மா. நான் வாசலுக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா மணியடிப்பார். மணி என்பது டபராவும் கரண்டியும். உள்ளே வந்து வணக்கம் சொன்னால் ஏறிட்டும் பார்க்காமல், "உக்காருங்க" என்பார். பெற்ற மகளை! அம்மா குழுவின் உறுப்பினர். அவரிடம் இருப்பது ஒரே கேள்வி.

"காலையில சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

"என்ன கேள்வி இது?" என்று தலைவர் கோபித்துக்கொண்டார்.

"அதுதாங்க முக்கியம். வெறும் வயித்துல வந்தா புள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? நான் இவளை எடுத்துட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அப்பாவின் முறை வேறு. முப்பது வருடத்தில் அந்த அறையில் சொல்லப்பட்ட நல்ல பதில்கள் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. வேலை கிடைத்தவர்களின் பதில்கள் மட்டும். பொறுக்கி எடுத்து எனக்கு ஊட்டுகிறார். எங்கள் வாரியத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்பதற்கு ஒரு பொறியாளர் சொன்னது. பொறுமை பற்றி ஒரு கணக்காளர் சொன்னது. எல்லாவற்றிலும் அவருக்கு உயிரான பதில் ஒன்று உண்டு. தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கோபமாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். வந்த இளைஞர், "முதல்ல உக்காரச் சொல்லி ஒரு தம்ளர் தண்ணி குடுப்பேன்" என்றாராம். அறையே சிரித்ததாம். அதோடு வேலை கிடைத்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல், சொந்தப் பிள்ளை முதல் மாணவனாக வந்ததைச் சொல்வது போல இருக்கும்.

நேற்று முழுத் தேர்வு. எல்லாவற்றுக்கும் ஒப்பித்தேன். முடிந்ததும், "தேர்வாகலை. போயிட்டு வாங்க" என்றார்.

"ஏம்ப்பா?"

"அப்பான்னு கூப்பிடாதீங்க. 'தம்ளர்'க்கு முன்னாடி ஒரு மூச்சு விடணும். அவர் விட்டார். நீங்க விடலை."

அம்மா என் பக்கம் நின்றும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். குழுவில் இருப்பதே இரண்டு பேர். தலைவருக்கு இரண்டு ஓட்டாம்.

உன் தங்கை


பிப்ரவரி 26

வாண்டு,

டபராவும் கரண்டியும் என்ற இடத்தில் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து கடிதம் என்றேன். இந்தக் கூடத்தில் அந்த வாக்கியத்தை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

யோசனை சொல்லமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் தண்ணீர்ப் பதிலைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. அது சுத்த அபத்தம். பெட்டியைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருகிறவருக்கு நான் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை என் தலையில் கவிழ்ப்பார். கோபத்தோடு வருகிறவனுக்கு வேண்டியது காகிதம். சொன்னதை எழுதிக்கொண்டு, எண் போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கையில் கொடு. பெட்டி கிடைத்த மாதிரியே இருக்கும் அவனுக்கு. ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கும்போது கோபம் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை, பெட்டிதான் வர வேண்டும்.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்டதே இல்லை. வீட்டைவிட்டு வந்த அன்று என் பை தொலைந்தது. தேடிக்கொண்டு இங்கே வந்தேன். ஆளில்லை. நானே உள்ளே போய்த் தேடினேன். பின்னால் வந்தவர்கள் என்னை ஊழியர் என்று நினைத்து வரிசையில் நின்றார்கள். நிற்கிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? சாயங்காலம் மேலாளர் வந்து, நாளைக்கும் வா என்றார். யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பை இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. இரவல் பதில் ஆபத்து. இங்கே வாரம் ஒருமுறையாவது நடக்கும்: யாரோ ஒருவர் தன்னுடையது என்று சொல்லி நல்ல குடையொன்றை வாங்கிக்கொண்டு படியிறங்குவார். குடைக்குச் சொந்தக்காரர் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருப்பார்.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதே.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் வந்த அன்னிக்கு நீங்க ஏம்ப்பா நிமிர்ந்தே பாக்கலை?" டபராவை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

அப்பா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிமிர்ந்து பாத்தா ஒரு வார்த்தை விட்டுப்போயிடும்மா" என்றார். "முப்பது வருஷத்துல நான் ஒருத்தர் முகத்தையும் பாத்ததில்ல. ஒரு வார்த்தை சேர்த்ததும் இல்ல, விட்டதும் இல்ல."

அவ்வளவுதான். எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மீது கோபம் வந்தது. பிறகு உன்மீது வந்தது. பிறகு, தேர்வுக்குப் போகிறவள் நான், இந்த வீட்டில் எனக்காக யாரும் பதறவில்லையே என்று அழுகை வந்தது. அம்மா எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். வேலை செய்தது. தண்ணீர்ப் பதிலை நீ முழுக்கத் தள்ளிவிட முடியாது.

இன்று காலை அப்பா எதுவும் நடக்காதது போலப் புதுப் பதில் ஒன்று கற்றுக்கொடுத்தார். உங்கள் குறை என்ன என்ற கேள்விக்கு. வழக்கமாக ஒவ்வொரு பதிலோடும் இது இன்ன பொறியாளர், இன்ன வருடம், இப்போது இன்ன பதவி என்று ஜாதகமே சொல்வார். இதற்கு மட்டும், "யாருதுப்பா?" என்று கேட்டால், "நல்ல பதில். சொல்லிப் பழகு" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. கடையில் இயந்திர மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் கையையே நாலு பிரதி எடுத்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 7

வாண்டு,

உன்னைத் திட்டப் போவதில்லை. திட்டி எழுதிய தாள் ஒன்று இருந்தது, அதைத்தான் கிழித்தேன்.

அவர் சொன்னது சரிதான். அன்று ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை. நான்தான் விட்டுப்போனேன். இதை அவரிடம் சொல்லாதே. சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அதையும் யாருக்காவது ஒப்பிக்கக் கற்றுக்கொடுப்பார்.

இத்துடன் ஒரு பேனா. ஒரு வருடம் தாண்டியும் யாரும் கேட்டு வராத பொருளை ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே விதி. நன்றாக எழுதுகிறது. இதைத் தொலைத்தவர் ஒரு வருடமாக என்ன செய்கிறார் என்று தெரியவில்லை.

அன்று காலையில் சாப்பிடு. அம்மா கேட்பதற்காக அல்ல. எனக்கு அன்று வயிற்றில் ஒன்றும் இல்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கையை நகலெடுக்காதே, முதலாளி பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார்.

பயம் போகாது. அதுவும் உன்னோடு உள்ளே வரட்டும். கதவை உள்பக்கமாகத் தள்ளு.

அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்பா மகள் இல்லையா.

காத்திருக்கும் கூடத்தில் எங்களை விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்கள். விசிறி ஓடவில்லை. ஓரத்தில் குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்று இருந்தது. தம்ளர் தொலைந்துவிடக் கூடாதென்று அதைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி அந்தக் கவலை இல்லை, தண்ணீரே இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணுக்குத் தொண்டை வறண்டு இருமலாக வந்தது.

நான் பியூனிடம் போய்ச் சொன்னேன். அவர், "எழுதிக் குடும்மா. எழுதிக் குடுத்தாத்தான் புகார். வாயால சொன்னா அது பேச்சு" என்றார். நீ அனுப்பிய பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி மேசைமேல் போட்டார். "ரசீது?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலைக்கு வந்திருக்கிறவள் இதைக் கேட்டு அவர் பார்த்ததில்லை போல. எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். நாலாக மடித்து வைத்துக்கொண்டேன். நீ சொன்னது உண்மை, தாகம் பாதி அடங்கிவிட்டது.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த மீசை. ஒரு பக்கம் தடித்த கண்ணாடிக்காரர், இன்னொரு பக்கம் ஒரு அம்மையார். மூலையில் அப்பா உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அதுவும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெயர், படிப்பு எல்லாம் முடிந்ததும் தலைவர் கேட்டார்.

"தண்ணி வரலைன்னு ஒருத்தர் கோபமா உள்ள வர்றாரு. என்ன செய்வீங்க?"

அண்ணா, எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது. "முதல்ல உக்காரச் சொல்லி, ஒரு..." மூச்சு விட்டேன். "தம்ளர் தண்ணி குடுப்பேன் சார்."

கண்ணாடிக்காரர் சத்தமாகவே சிரித்தார். அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அப்புறம்?"

அப்பா சொல்லிக்கொடுத்ததில் அப்புறம் கிடையாது. அதில் எல்லோரும் சிரிப்பார்கள், வேலை கிடைத்துவிடும். நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையாருக்கு இரக்கம் வந்துவிட்டது. "பரவாயில்லம்மா. உங்க குறைன்னு எதைச் சொல்வீங்க?" என்றார்.

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "கேட்டவுடனே எனக்குப் பதில் வராதும்மா. வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். ஆனா வந்தா சரியா இருக்கும்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடனே வராதா? தண்ணிப் பதில் மட்டும் நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள வந்து நின்னுச்சே!"

இரண்டு பேருடைய நல்ல பதில்களை ஒரே வாயில் போட்டால் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"சார், அந்தத் தண்ணிப் பதில் என்னுது இல்ல."

"தெரியும்" என்றார் தலைவர். "என்னுது."

உன் குடைக்காரர் படியேறி வந்துவிட்டார், அண்ணா. வேலை கிடைத்தவர்களுடைய பதில்களைத்தானே அப்பா சேர்த்து வைத்தார். வேலை கிடைத்தவர்கள் எங்கே போவார்கள்? வரிசையாகப் பதவி உயர்ந்து அதே மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருவார்கள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். தலைவர் மூலையைப் பார்த்தார். "ஓ, அவரா? பேரு ஞாபகம் இல்ல. உச்சந்தலை நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு, மற்ற இருவருக்கும் கேட்கிற மாதிரியே, "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னன்னு யாரும் கேக்கலை. நல்லவேளை. எனக்கும் தெரியாது" என்றார்.

"அந்த ரெண்டாவது பதில் யாருது?"

"தெரியல சார். அப்பா சொல்லலை."

"நல்ல பதில். சொன்னவர் இங்கதான் எந்தப் பிரிவுலயாவது இருப்பார்." பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்டார். "சரிம்மா. உங்களோட சொந்தப் பதில்னு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்கு சார்" என்று ரசீதைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

படித்தார். மணியடித்தார். நிஜ மணி. பியூன் வந்தார்.

"வெளிய டிரம்ல தண்ணி இருக்கா?"

"இல்லீங்க சார்."

"ஏன்?"

"வரலீங்க சார்."

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் அந்த வார்த்தை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க. அப்புறம்?"

"அப்புறம் உங்க பொறுப்பு சார். எங்கிட்ட ரசீது இருக்கு."

போகலாம் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் சொன்னபோது அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "அவரா தலைவர்? எனக்கு அவர் குரல் தெரியும். முகம் தெரியாதே!" அம்மா மட்டும், அவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டார்களா என்று கேட்டார்.

உன் தங்கை


மார்ச் 19

வாண்டு,

நீ கெடுக்கவில்லை. கெடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை.

வேறு ஒரு விஷயம். குறை பற்றிய அந்தப் பதில். "வீட்டுக்குப் போன பிறகுதான் வரும், ஆனா வந்தா சரியா இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். முழுவதும் அப்பா சொன்னதா? இல்லை, கடைசியில் நீ ஏதாவது ஒட்டினாயா? ஒட்டியிருந்தால் தவறில்லை, சொல்லிவிடு. அப்பாவிடமே கேள். நான் கேட்டேன் என்று சொல்லாமல் கேள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அவசரம் இல்லை. சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

எடுத்துவிட்டார்கள்! உத்தரவு போன வாரம் வந்தது. முதலாளியிடம் சொன்னபோது, "புது மெஷின் எப்படி ஓட்டணும்னு யார் எனக்குச் சொல்லித் தருவா?" என்று கலங்கிவிட்டார். அது தானே ஓடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். புகார்ப் பிரிவில் என்னிடம் கொடுக்கப்பட்ட முதல் கோப்பு என்ன தெரியுமா? காத்திருக்கும் கூடத்து டிரம்மில் தண்ணீர் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த புகார். நாலு மேசை சுற்றி வந்திருக்கிறது. ஒருவர் "பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் "ஆவன செய்க" என்று. கடைசியில், "மனுதாரருக்குத் தக்க பதில் அனுப்புக." தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று எனக்கு நானே பதில் எழுதினேன். மேலதிகாரி, மொழி நன்றாக இருக்கிறது என்றார். கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். டிரம்மில் தண்ணீர் இருக்கிறது. தம்ளரைக் காணவில்லை. சங்கிலி இருக்கிறது.

நீ கேட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், கேட்கச் சரியான வேளை பார்த்துக்கொண்டிருந்ததுதான். உத்தரவு வந்த அன்று அப்பா நல்ல மனநிலையில் இருந்தார்.

"அப்பா, அந்தக் குறைப் பதில்ல கடைசி வரி நானா சேர்த்தேன், இல்ல உள்ளதா?"

"நீ ஏன் சேர்க்கிற? அப்படியே உள்ளது. 'கேட்டவுடனே எனக்குப் பதில் வராது. வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். ஆனா வந்தா சரியா இருக்கும்.' நான் எழுதினேனே. அவன் சொன்னது அப்படியே காதுல இருக்கு."

மற்ற எல்லோரையும் அப்பா "அவர்" என்பார், அண்ணா. பொறியாளரை, கணக்காளரை, மீசை முளைக்காத வயதில் வந்து போனவர்களைக்கூட. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "எடுக்காததுனால அது நல்ல பதில் இல்லைன்னு ஆயிடுமா?" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உன் தங்கை


ஏப்ரல் 15

வாண்டு,

வேலைக்கு வாழ்த்து. உனக்கு நீயே அனுப்பிய பதிலுக்கு ரசீது வாங்கிக்கொண்டாயா?

இனி அந்தப் பதில். அது என்னுடையது. அது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நம் வீட்டில் எனக்கு முன்பே உனக்குத் தெரியாதது எது? ஆனால் முழுவதும் என்னுடையது அல்ல. "கேட்டவுடனே எனக்குப் பதில் வராது, வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்." அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குமேல் வாய் எழவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தால் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லத் தெரிந்திருந்தால் உன் தலைவர் நினைத்தது போல நான் அங்கே ஏதாவது ஒரு பிரிவில் இருந்திருப்பேன்.

முப்பது வருடத்தில் ஒரு வார்த்தை சேர்த்ததில்லை என்கிற மனிதர். வாரியத்தின் பழைய குறிப்புகள் இப்போது உனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். போய்த் தேடாதே. அவற்றில் என் பாதி மட்டும்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் அன்று ஒழுங்காகத்தான் எழுதினார். மீதிப் பாதி பிறகு வந்திருக்கிறது. என்றைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் சொன்னதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதை அவரிடம் திருத்தலாமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். வேண்டாம் என்று தோன்றுகிறது. அப்படியே இருக்கட்டும், நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேலாளரிடம் விடுப்புக் கேட்டேன், எதற்கு என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பை இன்னும் கிடைக்கவில்லை, அதனால் துணியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவேன், பார்த்துச் சிரிக்காதே. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. திடீரென்று கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றால் அவர் நிமிர்ந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கும், பாவம், பழக்கமில்லை.

அவர் ஏதாவது கேட்பார். எனக்கு உடனே பதில் வராது. அதனால் அம்மாவை முதல் கேள்வி கேட்கச் சொல். அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறேன்: இல்லை, இன்னும் சாப்பிடவில்லை.

அண்ணன்